மேடத்தின் கம்ப்ளைண்ட்

லிங்கராஜபுரத்துக் கண்ணாடிக்காரர் ஏழு வருஷம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. அவர் கடைக்குப் போனால் எனக்கு நாற்காலி உண்டு, ஃபேன் என் பக்கம் திரும்பும், கேட்காமலே தண்ணீர் வரும். பேச்சு மட்டும் வராது. ஏனென்றால் அவருடைய கஸ்டமர் நான் இல்லை, என் மகள் தன்ஷிகா. முதல்முறை போனபோது அந்தக் கஸ்டமருக்குப் பதினோரு மாதம், நான்கு பல்.

"வாங்க மேடம், என்ன விஷயம்?" என்று அவர் கேட்டதும் நான்தான் மேடம் என்று நினைத்துப் பேச ஆரம்பித்துவிட்டேன். டாக்டர் சீட்டை நீட்டினேன். பவர் சொன்னேன். பொம்மனஹள்ளியிலிருந்து சிவாஜிநகர் வந்து, அங்கே வேறு பஸ் பிடித்து, நடுவில் பிள்ளை வாந்தி எடுத்தது வரைக்கும் சொன்னேன். சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார். பார்வை என் இடுப்பில் இருந்தவளைவிட்டு நகரவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் அவளிடம் சொன்னார்: "உங்ககூட வந்தவங்க நல்லா பேசறாங்க மேடம். இப்ப நீங்க சொல்லுங்க."

தன்ஷிகா "பா" என்றாள்.

"அப்படியா," என்று சொல்லி, நீளமான நோட்டு ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். 'தன்ஷிகா மேடம் – பா' என்றுதான் எழுதியிருந்தது.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், "ஆளு கொஞ்சம் லூசா இருப்பாரோ?" என்றார்.

"கொஞ்சம் இல்ல," என்றேன்.

எட்டு வருஷம் கோயில் கோயிலாகவும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகவும் ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை அவள். ஒன்பதாம் மாதத்தில் இடது கண் மூக்குப் பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது. சோற்றுக் கிண்ணத்தைக் கிட்டே கொண்டுபோனால் போதும், அந்தக் கண் உள்ளே ஓடிவிடும். கீழ்வீட்டு ஓனரம்மா தன் கன்னடத் தமிழில், "சும்னே பயப்படாதம்மா, மாறுகண்ணு அதிர்ஷ்டம், ராணி மாதிரி இருப்பா," என்றார். நானும் ஒரு மாதம் ராணி என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

கண் டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்த பிறகு லைட் அடித்து, விதவிதமான கண்ணாடிகளை முன்னால் பிடித்துப் பார்த்தார். "தூரப்பார்வை. ரெண்டு கண்ணுலயும் ப்ளஸ் ஆறு," என்றார். கிட்டத்தில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்க அவள் கண் படாத பாடு படுகிறதாம். அந்தப் பாட்டில்தான் இடது கண் திரும்பிவிடுகிறதாம்.

"லேசர் பண்ணிடலாமா டாக்டர்?" என்றார், தானும் கண்ணாடி போட்டிருக்கும் என் வீட்டுக்காரர். எதற்கும் குறுக்கு வழி உண்டா என்று முதலில் பார்ப்பவர் அவர்.

"அவ காலேஜுக்குப் போகட்டும், அப்ப வந்து கேளுங்க."

"காண்டாக்ட் லென்ஸ்?"

"சில பிள்ளைங்களுக்கு வேற வழி இல்லாம போடுவோம். தினமும் கழட்டி மாட்டணும், கண்ணுல கிருமி தொத்தாம பாத்துக்கணும். உங்க பொண்ணுக்குக் கண்ணாடியே போதும்."

நான் விடவில்லை. "கேரட்?"

"தாராளமா குடுங்க. கண்ணாடியும் போடுங்க."

பிறகு அவர் சிரிக்காமல் ஒன்று சொன்னார். திரும்பும் கண்ணிலிருந்து வரும் படத்தை மூளை வேண்டாம் என்று ஒதுக்கிவிடுமாம். அப்படியே விட்டால் அந்தக் கண் பார்க்கவே பழகாதாம். "தூங்கற நேரம் தவிர முழு நேரமும் கண்ணாடி முகத்துல இருக்கணும். மூணு மாசத்துல கூட்டிட்டு வாங்க," என்றார். சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுமையாகக் கண்ணாடி பொருத்துகிறவர் லிங்கராஜபுரத்தில் ஒருவர் இருக்கிறார் என்று அங்கிருந்த நர்ஸ் வழி சொன்னார்.

அந்தக் கடை ஒரு பேக்கரிக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். அவருக்கு அறுபதுக்கு இந்தப் பக்கம் வயது. ஒல்லி. கண்ணில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒன்று, கழுத்துக் கயிற்றில் ஒன்று. கஸ்டமரின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில்தான் அவர் உட்காருவார். பெரியவர்களுக்கு ஸ்டூல், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பலகை. தன்ஷிகா தவழ்ந்துகொண்டிருந்ததால் அவளுக்காகத் தரையில் குப்புறப் படுத்தே அளவெடுத்தார்.

அளவெடுக்க அங்கே மூக்கு என்று ஒன்று இருந்தால்தானே. கன்னம் இருந்தது, நிறைய. இரண்டு கன்னத்துக்கும் நடுவில் ஒரு சுண்டைக்காய். அதன்மேல் எதை வைத்தாலும் வழுக்கிக் கன்னத்தில் வந்து உட்கார்ந்தது. "மேடம், உங்க மூக்கு இன்னும் கட்டட வேலையில இருக்குது. அது முடியற வரைக்கும் நாம பெல்ட் போட்டுக்கலாம்," என்று சொல்லி, வளைத்தாலும் உடையாத ரப்பர் ஃப்ரேமில் பிளாஸ்டிக் லென்ஸ் மாட்டி, பின்னந்தலையைச் சுற்றி எலாஸ்டிக் பட்டை கட்டினார். "ஸ்வல்பம் தலைய தூக்குங்க. காதுல அழுத்துதா? இல்லையா? பராபர், சரியா இருக்குது."

நான், "அழுத்துற மாதிரிதான் இருக்கு," என்றேன்.

அவர் காதில் விழவே இல்லை. "கண்ணாடி போடறவங்ககிட்டதான் நான் பேசுவேன் மேடம்," என்றார் தன்ஷிகாவிடம். அது எனக்கான பதில் என்று புரிய எனக்கு நேரமானது.

யாராக இருந்தாலும் இதே கதைதான். ஒருமுறை நாங்கள் காத்திருந்தபோது ஐ.டி. வேலைக்காரப் பையன் ஒருவர் தன் அப்பாவை அழைத்து வந்திருந்தார். "அப்பாவுக்குக் கறுப்பு ஃப்ரேம் போதும் அங்கிள், சிம்பிளா இருக்கட்டும்," என்றார். கண்ணாடிக்காரர் பெரியவரைப் பார்த்து, "சார் என்ன சொல்றீங்க?" என்றார். பெரியவர் மகனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் இருந்த ரத்தச் சிவப்பு ஃப்ரேமை மெல்லக் கை காட்டினார். அதைப் போட்டுக்கொண்டுதான் போனார். மகன் ஆட்டோவில் அப்பாவுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்ததை நானே பார்த்தேன்.

நான் அப்போது வேலைக்குப் போகவில்லை. அதற்குமுன் ஒன்பது வருஷம் கார்மெண்ட்ஸில் செக்கர். தைத்து வருகிற சட்டைகளில் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒரு தையல் தவறியிருந்தாலும் சட்டையைத் திருப்பி விசிறுவேன். லைனில் என்னைக் கண்டால் டெய்லர்களுக்கு ஆகாது. அப்பேர்ப்பட்ட எனக்கு வீட்டுக்குள்ளேயே இருந்த ஒரு குறை இரண்டு மாதம் கண்ணில் படவில்லை.

கண்ணாடியோடு அவளைப் பஸ்ஸில் ஏற்றினால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். "நெஜக் கண்ணாடியா, வெளையாட்டா?" என்பார்கள். "எழுத்து தெரியாத பிள்ளைக்கு எப்படிங்க டெஸ்ட் பண்ணாங்க?" என்பார்கள். பத்துப் பேருக்கு ஒழுங்காகப் பதில் சொன்னேன். பதினோராவது ஆளிடம், "ஏபிசிடி முழுக்கச் சொன்னா, எக்ஸ்கிட்டதான் தடுமாறிட்டா," என்றேன். அவர் நம்பிவிட்டார்.

இத்தனை கண் பட்டால் பிள்ளை என்னத்துக்கு ஆகும்? ஓனரம்மா சொல்லாவிட்டாலும் நானே செய்திருப்பேன். தலை நிறையத் தேங்காயெண்ணெய், முகம் நிறையப் பவுடர், இடது கன்னத்தில் மையால் ஒரு திருஷ்டிப் பொட்டு. முதலில் பட்டாணி அளவு. கண்ணாடி வந்தபிறகு ஒரு ரூபாய்க் காசு அளவு.

அவளோ கண்ணாடியை ஒரு நிமிஷம் போடவிடமாட்டாள். மாட்டினால் இழுப்பாள். பட்டையை இறுக்கினால் அதையும் உருவுவாள். சாம்பாரில் ஒருமுறை, தண்ணீர் டிரம்மில் இரண்டுமுறை, ஓனரம்மாவின் துளசிச் செடியில் ஒருமுறை தேடி எடுத்திருக்கிறோம். நாள் போய்க்கொண்டே இருந்தது. கண் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கண் பார்க்கவே பழகாமல் போய்விடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் பொறுக்கமுடியாமல் அவள் கையில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டேன். அவள் அழுதாள். அழுதபடியே கண்ணாடியைக் கழற்றி என்னிடமே நீட்டினாள்.

மூன்றுமுறை லிங்கராஜபுரத்துக்கு ஓடினோம். ஒருமுறை ஃப்ரேமை நிமிர்த்தினார், ஒருமுறை பட்டையை மாற்றினார். மூன்றாம் முறை ஒன்றுமே செய்யாமல் தரையில் படுத்துக்கொண்டு அவளையே பார்த்தார். அதிசயம் பாருங்கள், அந்தக் கடைக்குள் அவள் கண்ணாடியைத் தொடவே மாட்டாள். கால் மணி நேரம் மகாராணியாகப் போட்டுக்கொண்டு, அவர் கழுத்துக் கயிற்றை நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குப் பயப்படறா போல," என்றார் என் வீட்டுக்காரர்.

கண்ணாடிக்காரர் எழுந்து உட்கார்ந்து நோட்டில் எழுதினார். பிறகு தன்ஷிகாவிடம், "இங்க உங்களுக்கு எந்தக் கம்ப்ளைண்ட்டும் இல்ல மேடம். வீட்டுலதான் ஏதோ கம்ப்ளைண்ட் இருக்குது," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டில் என்னய்யா குறை? பெருக்கித் துடைத்துக் கோலம் போட்ட வீடு. பஸ்ஸில் திரும்புகிற வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

டாக்டர் சொன்ன கெடுவுக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, நான் தாளித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஸ்கூட்டர் சத்தம். கண்ணாடிக்காரர், சர்ச்சிலிருந்து நேராக வந்திருக்கிறார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் சின்ன டூல்ஸ் பெட்டி. பில்லில் இருந்த விலாசத்தை வைத்துக்கொண்டு லிங்கராஜபுரத்திலிருந்து பொம்மனஹள்ளிக்கு ஓசூர் ரோடு நெரிசலில் ஸ்கூட்டரில் வந்திருக்கிறார் மனுஷன்.

"தன்ஷிகா மேடம் இருக்காங்களா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். என்னவோ ஆபீசில் கேட்கிற மாதிரி.

மேடம் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து செருப்பைச் சப்பிக்கொண்டிருந்தார். நெற்றியில் எண்ணெய் வழிய, முகமெல்லாம் பவுடர் அப்பி, கன்னத்தில் ஒரு ரூபாய் மை. நான் பதறிப்போய் ஈரத்துணி எடுக்க ஓடினேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். ஆனால் பேசியது அவளிடம்தான்: "மேடம், நீங்க எப்படி இருக்கீங்களோ அப்படியே இருங்க. அம்மா துணியோட வராங்க, விட்டுடாதீங்க."

இதுதான் விஷயம். மூன்றுமுறை கடைக்குப் போனபோதும், பேக்கரி படியில் உட்காரவைத்து அவள் முகத்தைத் துடைத்து, எண்ணெயை ஒற்றி, பாட்டில் தண்ணீரில் கண்ணாடியைக் கழுவி, துப்பட்டாவால் பளபளவென்று தேய்த்துத்தான் உள்ளே தூக்கிப்போவேன். அழுக்குப் பிள்ளையோடும் அழுக்குக் கண்ணாடியோடும் போய் நின்றால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கூட்டுகிற மாதிரி, குறையைக் காட்டப் போன இடத்தில் குறையைத் துடைத்துவிட்டுக் காட்டியிருக்கிறேன்.

அவர் தரையில் குப்புறப் படுத்தார். வெள்ளைச் சட்டையைப் பற்றிக் கவலையே இல்லை. டப்பாவில் இருந்த கண்ணாடியை வாங்கி அவளுக்கு மாட்டினார். ஃப்ரேமின் கீழ்விளிம்பு பொட்டின்மேல் போய் உட்கார்ந்தது. அவள் சிரித்ததும் கன்னம் உப்பி லென்ஸில் அழுந்தியது. மை ஈஷியது. இழுக்கப் போன கையிலிருந்து எண்ணெய் ஏறியது. அதன்மேல் பவுடர் படிந்தது. கண்ணாடி பறந்து வந்து அவர் நெற்றியில் பட்டது.

"நியாயமான கம்ப்ளைண்ட்," என்றார் அவர்.

எழுந்து, என் வீட்டுக்காரர் முகத்திலிருந்த கண்ணாடியைக் கேட்காமலே கழற்றினார். தன்ஷிகாவின் தலையில் ஒரு விரல் தொட்டு லென்ஸில் வைத்தார். கன்னத்துப் பவுடரில் ஒரு விரல். கடைசியாகப் பொட்டில் தொட்டு நடுவில் ஒரு இழுப்பு. மறுபடி என் வீட்டுக்காரர் முகத்திலேயே மாட்டிவிட்டார்.

என் வீட்டுக்காரர் இரண்டு எட்டு வைத்தார். கதவு நிலையில் தோள் இடித்தது. காலண்டர் பக்கம் திரும்பி யாரையோ வாங்க என்றார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயோ, தலை சுத்துது," என்றார்.

கண்ணாடிக்காரர் தன்ஷிகாவின் எதிரில் உட்கார்ந்தார். "பாத்தீங்களா மேடம்? அப்பாவால அரை நிமிஷம் தாங்க முடியல. நீங்க ரெண்டு மாசம் தாங்கியிருக்கீங்க. பேஜார் ஆகாம, சலிக்காம சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கீங்க. எங்களுக்குத்தான் தெரியல."

நான் சமையலறைக்குள் போய்விட்டேன். தாளித்தது கருகிப்போயிருந்தது. அவள் அழுதுகொண்டே கண்ணாடியை என்னிடம் நீட்டியது ஞாபகம் வந்தது. பாரு என்று காட்டத்தான் நீட்டியிருக்கிறாள். நான் கையில் அடித்திருக்கிறேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். ஆயிரம் சட்டையில் குறை கண்டுபிடித்த கண் எனக்கு, என்ன பிரயோஜனம்?

வெளியே அவர் சோப்புத் தண்ணீரில் கண்ணாடியைக் கழுவி, பருத்தித் துணியில் ஒற்றிக்கொண்டிருந்தார். நான் வந்து நின்று கேட்டேன்: "அப்ப பொட்டே வைக்கக் கூடாதுங்களா?"

பதில் தன்ஷிகாவுக்குப் போனது. "பொட்டு தாராளமா வெச்சுக்கோங்க மேடம். உள்ளங்கால்ல வெச்சுக்கோங்க. அங்க நான் கண்ணாடி மாட்ட மாட்டேன்."

முகம் கழுவிய பிள்ளைக்குக் கழுவிய கண்ணாடியை மாட்டினார். கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். அவள் என் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டு சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். குனிந்தாள். தாளிக்கும்போது சிதறி வந்து கிடந்த கடுகு ஒன்று. அதை இரண்டு விரலால், பதமாக, முதல் முயற்சியிலேயே எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு அடுத்த கடுகைத் தேடித் தவழ ஆரம்பித்தாள்.

"மேடம் வேலைய ஆரம்பிச்சுட்டாங்க," என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியை எடுத்துக்கொண்டார். கருகாத சாம்பார் இருந்தால் சாப்பிட்டுப் போகச் சொல்லியிருப்பேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தரையில் ஒரு கடுகு, ஒரு நூல், ஓர் எறும்பு நிம்மதியாக இருக்க முடியவில்லை. மூன்றாம் மாத முடிவில் டாக்டரம்மா பார்த்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்ணும் நேராக நின்றன. திரும்பும் கண்ணுக்கு வேலை கொடுக்க மற்றதை மூடி ஒட்டுப் போட வேண்டிவருமோ என்று முதலில் யோசித்தாராம். "இப்போதைக்கு வேண்டாம், கண்ணாடிய மட்டும் விட்டுடாதீங்க," என்றார். ஆஸ்பத்திரி வாசலில் என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். வாட்ச்மேனுக்கு இரண்டு.

அதன்பிறகு வருஷத்துக்கு இரண்டுமுறை, முகம் வளர வளர, ஃப்ரேம் மாற்றப் போவோம். தன்ஷிகாவின் மூக்குக் கட்டட வேலை முடிந்தது, பெல்ட் போனது. அவரும் அவளும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். நான் ஃபேன் காற்றில் உட்கார்ந்திருப்பேன்.

போன வருஷம் எனக்கு நாற்பத்திரண்டு. மறுபடி கார்மெண்ட்ஸுக்குப் போக ஆரம்பித்திருந்தேன். ஒருநாள் நான் பாஸ் பண்ணிய சட்டையில் காலர் தையல் விட்டிருந்ததென்று சூப்பர்வைசர் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். உற்று உற்றுப் பார்த்தேன், தெரியவில்லை. கையை நீட்டிப் பிடித்தால் கொஞ்சம் தெரிந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு ஒரு மாதம் ஓட்டினேன். கடைசியில் என்னைக் கண்டுபிடித்தது தன்ஷிகாதான். "ஏம்மா ஃபோன இவ்ளோ தூரமா வெச்சுப் பாக்குற? உனக்கும் ப்ளஸ்ஸா?" என்று குதித்தாள். டெஸ்ட் பண்ணிப் பார்த்தால், ஆமாம், ப்ளஸ்தான். ஒன்றரை.

லிங்கராஜபுரத்தில் அவர் கொஞ்சம் கூனியிருந்தார். கயிற்றில் இப்போது இரண்டு கண்ணாடி. தன்ஷிகா எனக்கு முன்னால் ஓடி, "அங்கிள், அம்மாவுக்குப் பவர் வந்துடுச்சு, கார்மெண்ட்ஸ்ல தையல் தெரியலையாம், சின்ன ஃப்ரேம் போதும்," என்று கடகடவென்று ஒப்பித்தாள்.

அவர் அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "மேடம், இன்னைக்கு நீங்க கூட வந்தவங்க. அங்க போய் உக்காருங்க."

ஃபேனை அவள் பக்கம் திருப்பினார். ஸ்டூலை இழுத்து, என் கண் உயரத்துக்கு உட்கார்ந்து, நோட்டைப் பிரித்தார்.

"சொல்லுங்க மேடம். உங்களுக்கு என்ன கஷ்டம்?"

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. "இவளுக்கு..." என்று வாய் பழக்கத்தில் ஆரம்பித்தது.

"அவங்களுக்கு இல்ல. உங்களுக்கு."

பிள்ளைக்கு என்ன, வீட்டுக்காரருக்கு என்ன, லைனில் இன்றைக்கு எத்தனை பீஸ் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறேன். எனக்கு என்ன என்று யாரும் கேட்டதில்லை. அவர் அவசரப்படவில்லை. பதினோரு மாதப் பிள்ளை வாய் திறக்கும்வரை காத்திருந்த மனுஷன்தானே.

ஒரு ஃப்ரேமை எடுத்து முகத்தில் மாட்டினார். "மூக்குல அழுத்துதா மேடம்?"

அழுத்தியது. பரவாயில்லைங்க, இருக்கட்டும், பழகிடும் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. நாற்காலியில் இருந்த தன்ஷிகா தன் கண்ணாடிக்குள்ளிருந்து, இரண்டு கண்ணாலும் நேராக, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுத்துதுங்க," என்றேன்.

"நியாயமான கம்ப்ளைண்ட்," என்று சொல்லி, கழற்றி வாங்கிக்கொண்டு, நோட்டில் எழுதினார்.